சந்தனம் வைத்த ஃபோன்

அந்த ஃபோன் என்னுடையது இல்லை. பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தின் சொத்து. எங்கள் வகுப்பில் அப்போது யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. தொட்டால் நகரும் கண்ணாடி ஃபோன்கள் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கிய காலம் அது. கடைக்குப் போனால் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, வந்தால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிடுவார்கள். கூப்பிடவே மாட்டார்கள். பாலிடெக்னிக்குக்கே நான்கு மாதம் காத்திருந்துதான் இரண்டு கிடைத்தன. ஒன்று வேறொரு குழுவுக்குப் போனது. மற்றொன்றை என் கையெழுத்தில், என் பொறுப்பில் கொடுத்தார்கள்.

கையெழுத்துப் போட்டபோது எனக்கு இருந்த திமிர் இப்போதும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தார். அம்மா மலேசியாவில், ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி இங்கே வந்தவர். நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் தெரியாது.

மார்சிலிங்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் அந்த ஃபோனை வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். "இனிமே என் படிப்பு முழுக்க இதுக்குள்ளதாம்மா இருக்கு" என்றேன். எங்கள் திட்டம் ஒரு சின்னச் செயலி. ஃபோனைத் திருப்பத் திருப்ப, பக்கத்துப் பேருந்து நிறுத்தம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அம்புக்குறி காட்டும். கணினியில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் கணினிக்குத் திசைகாட்டி கிடையாது. அந்த ஃபோன் இல்லாமல் செயலி வேலை செய்கிறது என்று நிரூபிக்க வழியில்லை. திட்டத்துக்கு மதிப்பெண் இல்லாவிட்டால் டிப்ளோமா இல்லை. இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பெருமையடிக்கச் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் அவர் மனதில் வைத்துக்கொண்டார்.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் நாள். நான் முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் என் புத்தகங்களை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அவரால் படிக்க முடியாத புத்தகங்களை அவர் உரிமையோடு தொடும் நாள் அதுதான். மறுநாள் காலை அவர் எடுத்துக் கொடுக்கும்வரை நான் எதையும் தொடக்கூடாது. அந்த ஒரு ராத்திரி படிக்க வேண்டாம் என்பதால் சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை.

அது ஒரு சனிக்கிழமை. காலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போனபோது ஃபோனை மேசை மேலேயே விட்டுவிட்டேன். மாலையில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம். அதில் நான்கே நான்கு புத்தகங்கள். அவற்றில் சாய்த்து, நட்டுக்குத்தலாக நிறுத்திய ஃபோன். நனைந்த சாமந்திப் பூக்களின் நடுவே அதன் அடிப்பாகம் புதைந்திருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு, கீழே சார்ஜ் வயர் செருகும் வாயில் ஒரு பெரிய பொட்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்த துளிகள் கண்ணாடியில் காய்ந்து கொண்டிருந்தன.

"புஸ்தகம் கொஞ்சமாத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. "அதான் எல்லாம் இதுக்குள்ள இருக்குன்னு சொன்னியே. ஈரத்துணியால நல்லா தொடச்சிட்டுத்தான் வெச்சேன்."

அப்போதே எடுத்திருக்க வேண்டும். கணினிப் பொறியியல் படிக்கிறவள் நான். ஈரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பூஜையில் வைத்ததை நடுவில் எடுத்தால் படிப்புக்கு ஆகாது என்ற பயம், நம்பவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட அதே பயம், எனக்குள் எங்கோ இருந்தது. விழுந்து கும்பிட்டேன். ஃபோன் காலைவரை பூவுக்குள்ளேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா எடுத்துக் கொடுத்தார். திரை ஒளிர்ந்தது. அறுபத்து நான்கு விழுக்காடு பேட்டரி. அப்பாடா என்று வயரைச் செருகினேன். சார்ஜ் ஏறும்போது வரும் மின்னல் குறி வரவில்லை. கழற்றிச் செருகினேன். பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செருகினேன். வேறு பிளக்கில் செருகினேன். மின்னல் வரவேயில்லை.

ஃபோன் உயிரோடு இருந்தது. ஆனால் இனி அது சாப்பிடாது. பேட்டரியைக் கழற்றி மாற்றவும் முடியாது, உள்ளே வைத்து மூடிய வகை. மதிப்பீட்டாளர்கள் முன்னால் செயலியை ஓட்டிக் காட்ட இன்னும் எட்டு நாள் இருந்தது. அறுபத்து நான்கு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபோது கால்விரல்கள் சில்லிட்டிருந்தன.

ஈரத்தை அரிசி இழுக்கும் என்று படித்திருந்தேன். ஃபோனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். மதியம் உலை வைக்க வந்த அம்மாவின் படியில் ஃபோன் வந்துவிட்டது.

"என்னடி இது, நேத்து நான் பொட்டு வெச்சேன், இன்னைக்கு நீ படையலே போடுறியா?"

"அப்படி வெச்சா நல்லதாம்மா."

"நல்லா வேலை செய்யுதா? சாமி கும்பிட்ட பிறகு?"

"நல்லா செய்யுதும்மா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அதை மறுபடி அரிசிக்குள் வைத்து மூடினார். அதன்பிறகு அவரிடம் உண்மையைச் சொல்வதற்கான வாசல் எனக்கு அடைபட்டுப்போனது.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் ரயில் ஏறி, டோபி காட் நிலையத்தில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். சிராங்கூன் ரோட்டிலும் அதன் சந்துகளிலும் அப்போது ஃபோன் கடைகள் வரிசையாக இருந்தன. ஊருக்குப் பேசும் கார்டு, பழைய பட்டன் ஃபோன், கவர், சார்ஜர் எல்லாம் அங்கே கிடைக்கும். முதல் கடைக்காரர் ஃபோனை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினார். "இந்த போனையே இப்பதான் கண்ணால பாக்குறோம், இதுக்குப் பார்ட்ஸ் கேக்குது பாரு பொண்ணு." இருவரும் சிரித்தார்கள். அடுத்த இரண்டு கடைகளில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தேக்கா சந்தைக்கு எதிரே, ஒரு புடவைக் கடையின் வாசலில் பாதியை வாடகைக்கு எடுத்து ஒருவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கண்ணில் லென்ஸ் மாட்டி, சார்ஜ் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனமா?"

நான் புடவைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வெக்கப்படாதம்மா. இந்த வாரம் வருஷா வருஷம் ரெண்டு மூணு வரும்லா. கால்குலேட்டர் வரும், லேப்டாப் வரும். போன வருஷம் ஒரு அண்ணன் டாக்சி மீட்டரைத் தூக்கிட்டு வந்துட்டாரு. எலுமிச்சம்பழச் சாறு உள்ள போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி பண்ண முடியுமாண்ணே?"

"அடியில ஒரு பட்டை இருக்கும், விரல் நீளம். சார்ஜ் வாயும் அதுலதான் இருக்கு. அது அரிச்சுப்போச்சு. பட்டையை மாத்துனா சரி. ஆனா பட்டைக்கு எங்க போறது? சைனாவுலேர்ந்து வரணும். அங்க இந்த மாசம் முதல் வாரம் முழுக்க லீவு. ஆர்டரெல்லாம் மலையா கெடக்கு. வந்தாலும் முதல்ல பெரிய கடைக்காரங்க அள்ளிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு வாரம். மூணுகூட ஆகும்."

"எனக்கு அடுத்த திங்கட்கிழமை வேணும்."

அவர் ஃபோனைக் கவிழ்த்தார். "இன்னொரு வழி இருக்கு. திறந்து, பேட்டரியை மட்டும் வெளிய எடுத்துத் தனியா சார்ஜ் ஏத்தி மாட்டலாம். ஆனா இதைப் பாத்தியா?" அடிப்பக்கத்து இரண்டு திருகாணிகள் மேல் ஆய்வுக்கூடம் ஒட்டிய முத்திரை ஸ்டிக்கர் இருந்தது. எண்ணும் சின்னமும் போட்டது. "பிரிச்சா தெரிஞ்சிரும்."

வேண்டாம் என்று பிடுங்குவதுபோல் ஃபோனை வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட படிவத்தில், முத்திரை உடைந்தால் மாணவரே பொறுப்பு, மதிப்பெண் நிறுத்திவைக்கப்படும், அதே வகை புதிய ஃபோன் வைத்தபின்தான் விடுவிக்கப்படும் என்று இருந்தது. அந்தப் புதிய ஃபோன்தான் ஊரிலேயே கிடைக்காதே. பாலிடெக்னிக்குக்கு நான்கு மாதம் என்றால் எனக்கு எத்தனை மாதம்? அதற்குள் வகுப்பே முடிந்து, என்னோடு படித்தவர்கள் எல்லோரும் மேடை ஏறி இறங்கியிருப்பார்கள். பள்ளிக்கூடச் சங்கதியில் எனக்கு அறிவுரை சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. இத்தனை வருடம் அதையே பெருமையாக நினைத்திருந்தேன். அன்று ரயிலில் நின்றுகொண்டு, யாரிடம் கேட்பது என்று ஒரு முகம்கூட மனதுக்கு வராதபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை என் கூட்டாளி ஃபோன் கேட்டாள். அவள் சீனப் பெண், கெட்டிக்காரி, எங்கள் குழுவில் நாங்கள் இருவர்தான். நிறுத்தங்களின் பட்டியலை மாற்றியிருந்ததால் வெளியே நடந்து சோதிக்க வேண்டும் என்றாள். மறுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் நடந்தோம். அவள் அம்புக்குறியைப் பார்த்தாள், நான் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு.

"நீ ஏன் இப்படி வியர்க்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வெயில்" என்றேன். வானம் மூட்டமாக இருந்தது.

புதன்கிழமை ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டு, பையை மடியிலேயே வைத்திருந்தேன். கூட்டாளியிடம் வீட்டில் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் தாங்கும். திங்கட்கிழமைக்கு அரை மணி நேரம் போதும், இருபது விழுக்காடு இருந்தாலே ஓட்டிவிடலாம்.

வியாழக்கிழமை காலை சும்மா பார்ப்போம் என்று ஃபோனை எழுப்பினேன். நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். இருபத்தொன்பது இருந்தது.

அணைந்து கிடந்த ஃபோன். யாரும் தொடாத ஃபோன். எண்ணை மறுபடி படித்தேன். நான் பூட்டிவைத்த பைக்குள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது போல இருந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். "வயிறு சரியில்லையா?" என்று வெளியிலிருந்து அம்மா கேட்டார்.

என் பழைய பட்டன் ஃபோனிலிருந்து ரிப்பேர்க்கார அண்ணனைக் கூப்பிட்டேன். "உப்பு பிடிச்சிருச்சும்மா. உள்ளுக்குள்ளயே கரண்ட் ஒழுகுது. இப்படியே விட்டா சனிக்கிழமையே காலி. பட்டை நேத்து நாலு வந்துச்சு, நாலும் போயிருச்சு."

அன்று மாலை அவர் கடையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புடவைக் கடைப் பெண்கள் தீபாவளிக்கு வந்த கூட்டத்துக்கு மடிப்பு மடிப்பாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஸ்டிக்கரைச் சூடு காட்டி மெதுவா எடுத்தா கிழியாம வரும். திரும்ப ஒட்டிரலாம். நெறைய பேருக்குச் செஞ்சிருக்கேன். ஆனா நீ சொல்லணும்" என்றார் அண்ணன்.

"எடுங்கண்ணே" என்றேன். முடிவெடுத்தது நான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

முடி உலர்த்தும் கருவியை இரண்டு நிமிடம் காட்டினார். மெல்லிய கத்தியின் நுனியால் ஒரு மூலையைத் தூக்கினார். கிழியாமல் முழுதாக வந்தது. நான் மூச்சு விட்டேன். அண்ணன் விடவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெள்ளி நிறத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் படிந்திருந்தன. செல்லாது என்று பொருள். நகத்தால் சுரண்டினார், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டியும் மறையவில்லை.

"இந்த மாதிரி ஸ்டிக்கர் நான் பாத்ததில்லைம்மா" என்றார் மெதுவாக.

காது அடைத்துப்போனது. புடவைக் கடையில் பேரம் பேசும் வாய்கள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. அவர்தான் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். "எப்படியும் உடைஞ்சாச்சு. இனி வேலையையாவது முடிப்போம்."

திருகாணிகளைக் கழற்றித் திறந்தபோது உள்ளே, பட்டையின் மேல், மஞ்சளும் பச்சையுமாக ஒரு பொருக்கு. தூரிகையால் அதைத் துடைத்தார். பேட்டரியை எடுத்து மேசையிலிருந்த கம்பிகளில் மாட்டினார். வெள்ளிக்கிழமை மாலை போய் வாங்கியபோது நூறு இருந்தது. "ஒழுகுறது குறைஞ்சிருக்கும். நிக்கலேன்னா என்கிட்ட கோச்சுக்காத" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அதை எழுப்பவில்லை. எழுப்பிப் பார்க்கும் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை எழுபத்தொன்று இருந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள். என் கூட்டாளி பேசினாள், நான் ஃபோனைப் பிடித்துத் திரும்பித் திரும்பிக் காட்டினேன். அம்பு சரியாகச் சுழன்றது. இருபது நிமிடமும் என் கட்டை விரல் அந்த நான்கு எழுத்துகளின் மேல் அழுந்தியிருந்தது. ஒருவர் "இங்கே கொடு, நானே பார்க்கிறேன்" என்று கை நீட்டினார். "இன்னொரு திசை காட்டிவிடுகிறேன் ஐயா" என்று விலகினேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். முடிந்து வெளியே வந்தபோது கட்டை விரலை மடக்க முடியவில்லை.

அதன்பின் ஃபோனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூட அதிகாரி ஐம்பது வயதுச் சீனர், அதிகம் பேசாதவர். ஃபோனைக் கவிழ்த்துப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பெயர், எண், தேதி. அதற்குக் கீழே, சேதம் எப்படி ஏற்பட்டது என்று மூன்று வரி இடம்.

என்ன எழுதுவது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். மழையில் நனைந்தது. அந்த மாதம் தினமும் மழை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கவனமில்லாதவள் என்று பெயர் வரும், அவ்வளவுதான். ஃபோனுக்குப் பொட்டு வைத்த வீட்டுப் பெண் என்று இந்தக் கட்டடம் முழுவதும் சிரிப்பதைவிட அது மேல். மதிப்பெண் போவதற்குப் பயந்தேன் என்றுதான் இதுவரை எழுதிவந்தேன். அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இந்தச் சிரிப்புதான்.

எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்தார். சின்ன விளக்கை எடுத்துச் சார்ஜ் வாய்க்குள் அடித்தார். குண்டூசியால் எதையோ நெம்பி வெள்ளைத் தாளில் தட்டினார். அண்ணனின் தூரிகைக்குத் தப்பிய ஒரு துணுக்கு, மிளகு அளவு, மஞ்சள் நிறம்.

"மழையில் இது எப்படி வந்தது? சேறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். அவரே வார்த்தையை எடுத்துக் கொடுத்திருந்தார். வாய் திறந்தேன். காலையில் வேலைக்குப் போகும் முன் எழுந்து, கல்லில் சந்தனம் இழைக்கும் அம்மாவின் முழங்கை ஞாபகத்துக்கு வந்தது. கடையில் விற்கும் பொடியை என் புத்தகத்துக்கு அவர் ஒருநாளும் வைத்ததில்லை. அதைச் சேறு என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

"இல்லை" என்றேன். "அந்தத் தாளைக் கொடுங்கள்."

எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தேன். அதற்குக் கீழேயே மறுபடி எழுதத் தொடங்கினேன். படிப்புக்கு உதவும் பொருள்களை வணங்கும் நாளில் என் தாயார் இதற்குச் சந்தனம் வைத்தார், என் படிப்பு இதற்குள் இருப்பதாக நான் அவரிடம் சொல்லியிருந்தேன், ஈரமாக இருந்ததைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை, முத்திரையைத் திறக்கச் சொன்னது நான்தான். மூன்று வரி போதாமல் ஓரத்தில் ஏறி எழுதினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"புதிய ஃபோன் வைக்க வேண்டும் என்றுதான் நான் எழுத வேண்டும்" என்றார். "ஆனால் நீ எங்கே போய் வாங்குவாய்? எனக்கே நான்கு மாதம் ஆனது. இதைத் தூக்கிப் போட்டால் என்னிடம் ஒன்றுதான் மிஞ்சும்." பேனாவைத் திறந்து, புதியது என்ற இடத்தை அடித்துவிட்டுப் பழுது நீக்கம் என்று எழுதினார். "பட்டையை மாற்றிக் கொண்டுவா. அதுவரை உன் மதிப்பெண் என் மேசையில் இருக்கும்." படிவத்தின் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

எது என்னை எட்டு நாள் ஆட்டிவைத்ததோ, அந்தத் தட்டுப்பாடே கடைசியில் எனக்கு ஒரு வழி விட்டது.

பட்டை வர இன்னும் மூன்று வாரமும் இரண்டு நாளும் ஆனது. தினமும் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். ஐந்தாம் நாளிலிருந்து அவர் ஹலோ சொல்வதை விட்டுவிட்டு "வரல" என்றே எடுத்தார். மற்றவர்களின் மதிப்பெண் பலகையில் ஏறியபோது என் எண்ணுக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. ஏன் என்று கூட்டாளி கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதனால்தான் அன்று வியர்த்தாயா?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள், அந்த விரல் நீளப் பட்டை வந்தது. அதைப் பார்த்தால், என் டிப்ளோமா அதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். அதை மாட்டி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபிறகுதான் கோடு இருந்த இடத்தில் மதிப்பெண் ஏறியது.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

மறு வருடம் நான் வேலையில் இருந்தேன், சொந்தமாக ஃபோன் இருந்தது. பூஜையன்று அம்மா என் அலமாரியைத் திறந்து அடுக்கிக்கொண்டிருந்தார். புத்தகம் இல்லாததால் கோப்பிலிருந்த தாள்களை எடுத்திருந்தார். டிப்ளோமா, மதிப்பெண் பட்டியல், வேலை உத்தரவு. அவற்றோடு சேர்ந்து, முத்திரை குத்திய அந்தப் படிவத்தின் நகல்.

"இது எதுடி? ஒரு கோடு அடிச்சு, ஓரமெல்லாம் எழுதியிருக்கு. சர்டிபிகேட்டா?"

தாளை அவர் என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். நடுவில், என் கையெழுத்தில், 'என் தாயார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டினால்கூட அவரால் படிக்க முடியாது என்று தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையின் அதே சில்லிப்பு கால்விரல்களுக்கு வந்தது.

"நான் எழுதுனதும்மா" என்றேன்.

"ஸ்கூல் சீல் வேற இருக்கு. முக்கியமானதா?"

"ஆமாம்மா."

அவர் அதை டிப்ளோமாவுக்கு மேல் வைத்தார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, எழுத்து மறையக்கூடாது என்று, காலியாக இருந்த ஒரு மூலையைத் தேடிப் பொட்டு வைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"போனைக் குடு."

பையிலிருந்து எடுத்தேன். ஒரு கணம் பிடியை விடவில்லை. பிறகு கொடுத்தேன்.